எருக்குழியும் மூன்று வாளிகளும்

நான் வளர்ந்த வீட்டில் குப்பைத்தொட்டி என்று தனியாக ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை. மன்னார்குடிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சிற்றூரில், 1960-களில், சமையலறையில் மிஞ்சும் ஒவ்வொரு பொருளுக்கும் போய்ச் சேர வேண்டிய இடம் ஏற்கெனவே தீர்மானமாகியிருந்தது. அரிசி களைந்த கழுநீரும் காய்கறித் தோலும் மாட்டுத் தொட்டிக்குப் போயின. சாப்பிட்டு எடுத்த வாழையிலையைப் பசு தின்றது. அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும் பாத்திரம் துலக்கப் பயன்பட்டன. கிழிந்த வேட்டி முதலில் தூளியாகவும், பிறகு கரித்துணியாகவும், கடைசியில் விளக்குத் திரியாகவும் தேய்ந்து மறைந்தது. எஞ்சிய சருகும் சாணமும் வாசல் பெருக்கிய தூசியும் கொல்லைக் கோடியில் இருந்த எருக்குழியில் விழுந்து, அடுத்த சித்திரையில் மாட்டுவண்டி ஏறி வயலுக்குச் சென்றன. "குப்பை" என்ற சொல்லே எங்கள் ஊரில் வேறு மதிப்போடு வழங்கியது. "வயலுக்குக் குப்பை அடிச்சாச்சா?" என்று கேட்டால், அந்த ஆண்டு சாகுபடியில் அவர் எவ்வளவு கருத்தாக இருக்கிறார் என்று கேட்பதாகப் பொருள். எருக்குழியில் போடவே கூடாது என்று பாட்டி கண்டித்துச் சொன்னவை இரண்டே பொருள்கள்: உடைந்த வளையல், உடைந்த சீசா. வயலில் வெறுங்காலோடு இறங்குபவர்களின் பாதத்தை எண்ணி ஏற்பட்ட விதி அது. அதன் முழுப்பொருள் எனக்கு உறைக்க ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதைப் பின்னால் சொல்கிறேன்.

விலை உள்ள பொருள்களுக்கு வாசலிலேயே ஆள் வந்தார்கள். ஓட்டை விழுந்த ஈயப் பாத்திரத்துக்கும் துருப்பிடித்த இரும்புக்கும் பேரீச்சம்பழம் கிடைத்தது; பழைய துணிக்கும் வாரி விழுந்த தலைமுடிக்கும் பாத்திரம் கிடைத்தது. செய்தித்தாள் மளிகைக் கடைக்குப் போய்ப் பருப்புப் பொட்டலமாக வீட்டுக்கே திரும்பி வரும். இதையெல்லாம் யாரும் "மறுசுழற்சி" என்று அழைத்ததில்லை. அக்காலத்தைப் பொற்காலமாகக் காட்டும் எண்ணமும் எனக்கு இல்லை. ஊரின் அசுத்தமான வேலைகளைச் சிலர் மட்டும் பிறப்பின் காரணமாகச் செய்ய வேண்டியிருந்த காலம் அது. ஆனால் ஒன்று உண்மை. பொருள்கள் எங்கள் வீட்டுக்குள் ஒன்றோடொன்று கலக்கவே இல்லை. கலக்காததால் அவற்றில் எதுவும் குப்பையாகவும் ஆகவில்லை.

கலக்கக் கற்றுக்கொண்டது சென்னையில்தான். 1981-இல் திருமணமாகி, மந்தைவெளியில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டுப் போர்ஷனுக்குக் குடிவந்தேன். மாடும் இல்லை, கொல்லையும் இல்லை. தெருமுனையில் சிமெண்ட் வளையம் ஒன்றைக் கவிழ்த்து வைத்தாற்போல் மாநகராட்சித் தொட்டி இருந்தது. அதற்குள் குப்பை விழுந்ததைவிட அதைச் சுற்றி விழுந்ததே அதிகம். கிட்டே போனால் நாற்றம் என்பதால் எல்லோரும் நாலடி தள்ளி நின்று வீசுவார்கள், வீசியது வெளியே விழும், வெளியே விழுந்ததால் அடுத்தவர் இன்னும் நாலடி தள்ளி நிற்பார். முதல் வாரத்தில் நான் காய்த்தோலைத் தனியாகவும் காகிதத்தைத் தனியாகவும் எடுத்துச் சென்றேன். இரண்டும் ஒரே வளையத்தில்தான் விழுகின்றன என்று கண்டபின், தனித்தனியாக எடுத்துப் போவது எனக்கே அசட்டுத்தனமாகத் தோன்றியது. ஒரே வாளியில் எல்லாவற்றையும் கொட்டும் பழக்கம் ஒரு மாதத்துக்குள் கைவந்துவிட்டது. அந்தப் பழக்கத்தை விட்டொழிக்க முப்பத்தைந்து ஆண்டுகள் பிடித்தன.

ஆயினும் பழைய ஏற்பாடு முற்றிலும் அழிந்துவிடவில்லை. செய்தித்தாளும் பாட்டிலும் பழைய பேப்பர் கடைக்குப் போயின, இரும்பும் பித்தளையும் காயலான் கடைக்குப் போயின. தொட்டியில் நாங்கள் எறிந்ததையும் விடிவதற்கு முன்பே தோளில் சாக்குப் பையோடு வந்து கிளறிப் பொறுக்கியவர்கள் இருந்தார்கள். ஒழுங்காகப் பிரித்து எறியாத எங்கள் சோம்பலைத் தங்கள் வெறுங்கையால் ஈடுசெய்தவர்கள் அவர்கள்; மாநகராட்சியின் கணக்கில் அவர்களுக்கு இடமே இல்லை.

அந்தப் பத்தாண்டுகளில் வாளிக்குள் இருப்பவையும் மாறிக்கொண்டே வந்தன. கடலூர்ப் பக்கம் தொடங்கி 1980-களில் தமிழகமெங்கும் பரவிய ஷாம்பு சாஷே அந்த மாற்றத்தின் முதல் அடையாளம் என்று எனக்குத் தோன்றுகிறது. புட்டி வாங்க வசதியில்லாதவர்களுக்கு அது பெரிய வரமாக இருந்தது என்பதை மறுக்க மாட்டேன்; ஆனால் பேரீச்சம்பழக்காரரும் வாங்காத, மாடும் தின்னக்கூடாத, மண்ணும் செரிக்காத ஒரு பொருள் முதன்முறையாக ஏழை வீட்டுக்கும் பணக்கார வீட்டுக்கும் ஒருசேர வந்து சேர்ந்தது அப்போதுதான். அதன் பின்னால் பால் கவர், எண்ணெய்க் கவர், பொட்டலத்துக்குப் பதிலாகக் கேரி பேக், சிப்ஸ் பாக்கெட் என்று வரிசையாக வந்தன.

1989-இல் சென்னையில் எம்.பி.நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா இயக்கம் எங்கள் தெருவுக்கு 1990-களின் தொடக்கத்தில் வந்தது. தெருவாசிகள் கூடிச் சங்கம் அமைப்பது, வீட்டுக்கு வீடு மாதம் ஒரு சிறு தொகை வசூலிப்பது, அதைக்கொண்டு ஒருவரை அமர்த்தி மூன்று சக்கர மிதிவண்டியில் வீட்டு வாசலிலேயே குப்பையைப் பெற்றுக்கொள்வது என்பது ஏற்பாடு. எங்கள் தெருவில் மாதம் பத்து ரூபாய். காலை ஏழு மணிக்கு விசில் சத்தம் கேட்கும். வாளியோடு வாசலுக்கு வரவேண்டும். தெருமுனை வளையத்தைச் சுற்றி நடந்த நாய்ச்சண்டை மூன்று மாதத்தில் நின்றுபோயிற்று. சங்கத்தின் வசூல் பொறுப்பை ஈராண்டுகள் நான் ஏற்றிருந்தேன். அப்போது கற்ற பாடம் ஒன்றை இன்றைக்கும் குடியிருப்புச் சங்கம் நடத்துபவர்களுக்குச் சொல்வேன்: பணத்தை மாதக் கடைசியில் கேட்காதீர்கள், முதல் தேதிக்கும் ஐந்தாம் தேதிக்கும் இடையில் கேளுங்கள். பத்து ரூபாய்க்கு மனமில்லாத வீடு எங்கள் தெருவில் ஒன்றிரண்டுதான். இருபத்தைந்தாம் தேதியில் சில்லறை இல்லாத வீடுகளோ பாதிக்கு மேல். இன்னொன்று, பணியாளருக்கு வீட்டுக்குள்ளிருந்து தண்ணீர் கொடுப்பதற்குச் சங்கத் தீர்மானம் எதுவும் தேவையில்லை. எங்கள் தெருவில் அதற்குக்கூட ஒரு கூட்டம் நடந்தது என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

பிறகு 2000-ஆம் ஆண்டு வந்தது. நகரக் குப்பையின் சீர்கேட்டை எதிர்த்து அல்மித்ரா படேல் 1996-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் விளைவாக, நகராட்சித் திடக்கழிவு விதிகள் அந்த ஆண்டில்தான் அறிவிக்கப்பட்டன. அதே ஆண்டில் சென்னையின் மூன்று மண்டலங்களில் குப்பை அள்ளும் பணி ஓனிக்ஸ் என்ற தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. சீருடை, கையுறை, சக்கரம் வைத்த மூடியுள்ள தொட்டி, அந்தத் தொட்டியைத் தூக்கித் தன் வயிற்றுக்குள் கவிழ்த்து நசுக்கிக்கொள்ளும் லாரி ஆகியவற்றை எங்கள் பிள்ளைகள் திருவிழாத் தேர் பார்ப்பதுபோல் பால்கனியில் நின்று பார்த்தார்கள். தெரு கண்ணுக்குத் தெரிந்து சுத்தமாயிற்று. ஆனால் இந்த லாரி முறையில் ஓர் அடிப்படைக் கோளாறு உண்டு என்பதை அக்காலத்தில் நாங்கள் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. சாம்பாரும் செய்தித்தாளும் பேட்டரியும் ஒன்றாக நசுங்கிய பின் எந்தக் கையாலும் அவற்றைப் பிரிக்க முடியாது. எத்தனை டன் அள்ளினாய் என்று எடைபோட்டுக் கூலி கொடுக்கும் ஒப்பந்தம் எந்த ஊரில் நடந்தாலும், குப்பை குறைவதில் அங்கே யாருக்கும் ஆதாயம் இல்லை.

நசுங்கியது எங்கே போகிறது என்பதை 2004-இல் வேளச்சேரிப் பக்கம் சொந்த ஃபிளாட் வாங்கிக் குடிபோன பிறகு என் மூக்கு அறிந்துகொண்டது. தென்சென்னைக் குப்பை பெருங்குடிக்கும் வடசென்னைக் குப்பை கொடுங்கையூருக்கும் போயின. பெருங்குடிக் கிடங்கு ஏறத்தாழ 225 ஏக்கர். அது கிடப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேல். மந்தைவெளியில் இருபது ஆண்டுகளாக நான் வீசியதெல்லாம் அங்கேதான் குன்றாக நின்றது. சில இரவுகளில் அங்கிருந்து புகை வரும். சன்னலைச் சாத்திக்கொண்டு, யாரோ செய்த தவறுக்கு நாம் தண்டனை அனுபவிப்பதாகப் பேசிக்கொள்வோம்.

2015 டிசம்பர் வெள்ளம் அந்தப் பேச்சை நிறுத்தியது. எங்கள் தரைத்தளத்தில் நான்கடி தண்ணீர் நின்று வடிந்தபின், தெருவின் இருபுறமும் மெத்தை, பீரோ, தொலைக்காட்சி, பள்ளிப் புத்தகம், ஊறிப்போன அரிசி மூட்டை எல்லாம் மார்பளவு உயரத்துக்குக் குவிந்தன. பிற மாவட்டங்களிலிருந்து வரவழைக்கப்பட்ட துப்புரவுப் பணியாளர்கள் அவற்றை அள்ளினார்கள். எங்கள் தெருவுக்கு வந்தவர்கள் கொங்குத் தமிழ் பேசினார்கள். அவர்களில் ஒருவர் என் வீட்டு மெத்தையைப் புரட்டி, உள்ளே ஒட்டியிருந்த என் மகளின் பள்ளிப் புகைப்படத்தைப் பிய்த்தெடுத்து, தன் சட்டையில் துடைத்து, "இது வேணுங்களா அம்மா?" என்று கேட்டார். மலைபோல் குவிந்ததிலிருந்து ஒரு பொருளைப் பிரித்துத் தனியே எடுத்து வைக்கும் செயலை, பாட்டிக்குப் பிறகு நான் அன்றைக்குத்தான் அவ்வளவு அருகில் பார்த்தேன்.

அடுத்த ஆண்டு, 2016 ஏப்ரலில், புதிய திடக்கழிவு மேலாண்மை விதிகள் வந்தன. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் உண்டாகும் அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரித்துத் தருவது ஒவ்வொரு வீட்டின் கடமை என்று அவை கூறின. பதினாறு வீடுகள் கொண்ட எங்கள் குடியிருப்பில் அப்போது நான் செயலாளர். மக்கும் குப்பைக்குப் பச்சை, மக்காததற்கு நீலம் என இரண்டு வாளிகள் வீட்டுக்கு வீடு வாங்கிக் கொடுத்தோம். அபாயக் குப்பைக்குக் கீழே வாயிற்காவலர் அறையருகே பொதுவாக ஒரு சிவப்பு வாளி வைத்தோம். முதல் இரு வாரங்கள் நன்றாகவே நடந்தன. மூன்றாவது வாரம், இரண்டாம் மாடியில் இருப்பவர் என்னை மாடியிலிருந்தே கூப்பிட்டுக் கீழே பார்க்கச் சொன்னார். வாசலில் நின்ற வண்டியில் பச்சையும் நீலமும் ஒன்றாகக் கொட்டப்பட்டுக்கொண்டிருந்தன. கோபத்தோடு இறங்கிப் போய்க் கேட்டேன். வண்டியில் இருந்த அந்த அம்மாள் நிதானமாகப் பதில் சொன்னார்: "வண்டியில தடுப்பே இல்லம்மா. நாலு தெருவுல யாரும் பிரிச்சுத் தர்றதில்ல, நீங்க ஒரு வீட்டுக்காரங்க தர்றதை நான் தலையிலயா வச்சுக்கிட்டுப் போறது?" பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெரும்பாலான குடியிருப்புகளில் முயற்சி இந்த இடத்தில்தான் இற்றுப்போகிறது. "அவங்களே கலக்குறாங்க, நாம ஏன் பிரிக்கணும்?" என்ற வாக்கியத்தை நான் நூறு முறையாவது கேட்டிருப்பேன். எங்களைக் காப்பாற்றியது ஓர் எளிய கணக்கு. வீட்டில் உள்ள சமையலறைத் தராசில் ஒரு மாதம் எடைபோட்டுப் பார்த்தேன். நாங்கள் இருவர் மட்டும் உள்ள வீட்டில், எடையில் மூன்றில் இரண்டு பங்கு மக்கும் குப்பை. எஞ்சியதில் பெரும்பகுதி பழைய பேப்பர் கடைக்காரர் வாங்கிக்கொள்ளக்கூடியது. வண்டிக்கு உண்மையில் போக வேண்டியது ஒரு சிறு பைதான். வண்டியில் கலக்கிறார்கள் என்றால், கலப்பதற்கே ஒன்றும் இல்லாதபடி செய்துவிட்டால் போயிற்று. மக்குவதைக் கட்டடத்துக்குள்ளேயே உரமாக்குவது, விலைபோவதை விற்பது, மீதியை மட்டும் வண்டிக்குத் தருவது என்று முடிவு செய்தோம்.

உரம் தயாரிப்பில் நான் பட்ட பாட்டை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இணையத்தில் காட்டப்படும் அழகான மண்பானைப் படங்களை நம்பி இறங்கி, இரண்டே வாரத்தில் கைவிட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும். முதல் முயற்சியில் நானும் அப்படித்தான் தோற்றேன். மொட்டை மாடியில் மூடியுள்ள நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாயை வைத்து, காய்த்தோல், மீந்த ரசம் சாதம், காபிச் சக்கை எல்லாவற்றையும் கொட்டி மூடினேன். பத்தாம் நாள் மூடியைத் திறந்தபோது எழுந்த அழுகிய முட்டை நாற்றம் எதிர்க் கட்டடம் வரை சென்றது. உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. அன்று மாலையே சங்கக் கூட்டம் கூடிற்று, பீப்பாயை உடனே அகற்றும்படி தீர்மானமும் போட்டார்கள்.

தவறு என்னவென்று பிறகுதான் தெளிந்தது. எருக்குழியில் பாட்டி காய்த்தோலை மட்டும் போட்டதில்லை. ஒவ்வொரு கூடைப் பச்சைக்கும் மேலே சருகும் சாம்பலும் விழுந்தன. ஈரமான பொருளுக்கு இணையாக உலர்ந்த பொருள் இல்லாவிட்டால் காற்று புகாது. காற்று புகாவிட்டால் மக்காது, அழுகும். இரண்டாம் முறை பீப்பாயின் பக்கங்களில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஓர் அங்குல இடைவெளியில் ஓட்டைகள் போட்டோம். அடியிலும் ஓட்டை, அதற்கடியில் செங்கல், செங்கலுக்கு நடுவே கசிவுநீருக்கு ஒரு தட்டு. அடித்தளமாக நான்கு விரற்கடை உயரத்துக்குச் சருகு. அதன்மேல் ஒரு கை குப்பை விழுந்தால் ஒரு கை உலர்ந்த சருகோ தென்னை நார்த்தூளோ விழ வேண்டும் என்பது விதி. கட்டியாக விற்கும் நார்த்தூளைத் தண்ணீரில் ஊறவைத்துப் பயன்படுத்தச் சொல்வது செடி வளர்ப்பதற்கான முறை. உரப் பீப்பாய்க்கு அதை உலர்ந்தபடியே உதிர்த்துப் போட வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு பீப்பாய் முழுவதையும் மீண்டும் நாறவைத்தவள் நான். தொடக்கத்தில் நுண்ணுயிர்களுக்காக விலைகொடுத்துப் பொடி வாங்க வேண்டியதில்லை. நன்றாகப் புளித்த மோர் ஒரு டம்ளர் போதும், முந்தைய உரத்தில் இரண்டு கைப்பிடி இருந்தால் அதுவும் வேண்டாம்.

வாரத்துக்கு இரண்டு முறை குச்சியால் அடிவரை கிளறிவிட வேண்டும். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள்: சொட்டினால் சருகு சேருங்கள், உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள், கொழுக்கட்டைபோல் பிடித்தபடி நின்றால் சரி. சாதமும் குழம்பும் கொஞ்சம் விழுந்தால் குற்றமில்லை, எண்ணெயும் இறைச்சியும் வேண்டாம். எலுமிச்சை, சாத்துக்குடித் தோலைச் சிறிதாக நறுக்கிப் போட்டால்தான் மக்கும். மாங்கொட்டையும் தேங்காய் ஓடும் எங்கள் ஆயுளில் மக்காது. வெள்ளைப் புழுக்களைக் கண்டு அலற வேண்டாம். அவை குப்பையைத் தின்று நமக்கு வேலையைக் குறைத்துத் தருபவை, ஆனால் மிகுதியாகத் தோன்றினால் ஈரம் கூடிவிட்டது என்று பொருள். சென்னை வெயிலில் எங்களுக்கு நாற்பத்தைந்து முதல் அறுபது நாளில் உரம் தயாராகிறது. தயாரானதற்கு அடையாளம் வாசனைதான். முதல் மழைக்கு மண்ணிலிருந்து எழும் வாசனை வந்துவிட்டால் சலித்து எடுக்கலாம். தட்டில் சேரும் கசிவுநீரை ஒன்றுக்குப் பத்துத் தண்ணீர் கலந்துதான் செடிக்கு ஊற்ற வேண்டும். கலக்காமல் ஊற்றி எதிர்வீட்டுக்காரரின் கறிவேப்பிலைக் கன்றைக் கொன்றது குறித்து இன்றைக்கும் எங்களுக்குள் பேச்சு உண்டு.

ஐப்பசி, கார்த்திகையில் சருகு நனைந்துவிடும் என்பதால், பங்குனியிலேயே தெருவில் உதிரும் வேப்பஞ்சருகையும் புங்கஞ்சருகையும் எட்டுச் சாக்கு சேர்த்து மாடிப்படிக்கு அடியில் வைத்துவிடுகிறோம். தெரு பெருக்குபவர்கள் சருகைக் குவித்துத் தீவைக்கும் வழக்கம் எங்கள் தெருவில் ஒழிந்தது இதனால்தான். நாங்களே வேண்டும் என்று கேட்டு வாங்குகிறோமே!

உலர்ந்த குப்பையில் கற்ற பாடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பால் கவரை வெட்டும்போது மூலையைத் துண்டாக்கி எறியாதீர்கள். அந்தச் சிறு முக்கோணத்தை யாரும் பொறுக்க முடியாது, சாக்கடைக்குத்தான் போகும். கீறல் மட்டும் போட்டு, கவரைக் கழுவிக் கொடியில் கவ்வி மாட்டிவிட்டால், மாதம் ஒரு முறை பேப்பர் கடைக்காரர் எடைக்கு வாங்கிக்கொள்கிறார். கழுவாத கவர் இரண்டு இருந்தால் மூட்டையே நாறி மொத்தத்தையும் ஒதுக்கிவிடுவார். பீட்சா அட்டைப்பெட்டியில் எண்ணெய் ஊறிய பகுதியைக் கிழித்து உரப் பீப்பாயில் போட்டுவிட்டு மீதியை விற்கலாம். சிப்ஸ், பிஸ்கட் உறைகளின் உட்புறம் பளபளப்பாக இருந்தால் எந்தக் கடைக்காரரும் தொடமாட்டார். பிளாஸ்டிக்கும் உலோகப் பூச்சும் பிரிக்க முடியாதபடி ஒட்டியவை அவை, எரிபொருளாகச் சிமெண்ட் ஆலைக்குப் போவதைத் தவிர அவற்றுக்குப் பெரும்பாலும் கதியில்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களில் 14 வகைகளுக்குத் தடை வந்தபோது, தூக்குவாளியோடு ஓட்டலுக்குப் போகும் வழக்கம் சில மாதங்கள் மீண்டும் தளிர்த்தது. பிறகு தளர்ந்தது. 2021 டிசம்பரில் அரசு "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைத் தொடங்கியபோது, கல்யாண வீடுகளில் வாங்கிப் பீரோவில் அடுக்கியிருந்த நாற்பது மஞ்சள் பைகளை வெளியே எடுத்தேன். பையை வீட்டில் வைத்திருப்பதால் பயனில்லை, செருப்பு மாட்டும் இடத்தில் தொங்கவிட்டால்தான் கைக்கு வருகிறது.

இனி, பாட்டி சொன்ன விதிக்கு வருகிறேன். 2018-இல் ஒரு நாள் என் வீட்டில் கண்ணாடி டம்ளர் ஒன்று உடைந்தது. அவசரத்தில் துண்டுகளைக் கூட்டி, வண்டிக்குப் போகும் பையிலேயே போட்டுக் கட்டிவிட்டேன். மறுநாள் காலை வந்தவர், முன்பு எனக்கு அந்தப் பதிலைச் சொன்ன அதே அம்மாள்தான். பையின் அடியைத் தாங்கித் தூக்கியதும் உள்ளங்கையில் கண்ணாடி இறங்கியது. கையுறை அவருக்கு அந்த மாதம் வந்து சேரவில்லை. துணி சுற்றி, பக்கத்து மருந்தகத்துக்கு அழைத்துப்போய், ஊசி போட்டு, ஆட்டோவில் அனுப்பி வைத்தோம். மூன்று தையல். நான்கு நாள் அவர் வரவில்லை. அந்த நான்கு நாளும் அவருக்குக் கூலி இல்லை என்பது அவர் திரும்பி வந்தபின் நான் கேட்டுத்தான் தெரிந்தது. அந்தக் கூலியை நான் கொடுத்தேன் என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஏதுமில்லை. சங்கத்தின் செயலாளர் நான், வீட்டுக்கு வீடு பிரித்தல் பற்றி விளக்கத் தாள் அடித்துக் கொடுத்தவள் நான்.

அன்று முதல் எங்கள் கட்டடத்தில் சில விதிகளுக்கு விலக்கே கிடையாது. உடைந்த கண்ணாடியும் சவரப் பிளேடும் ஊசியும் பழைய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, டேப் சுற்றி, மேலே பெரிய எழுத்தில் "கண்ணாடி" என்று எழுதிச் சிவப்பு வாளியில் வைக்க வேண்டும். நாப்கினும் டயாப்பரும் செய்தித்தாளில் சுற்றப்பட்டு, சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி இடப்பட்டிருக்க வேண்டும். குழல் விளக்கில் பாதரசம் இருப்பதால் உடைக்காமல், அது வந்த அட்டைக் குழாயிலேயே வைத்துத் தர வேண்டும். தீபாவளிப் பட்டாசுக் குப்பையைச் சாக்கில் தனியே கட்டுகிறோம். மாநகராட்சி அதைத் தனியாகத் திரட்டி, கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவு நிலையத்துக்கு அனுப்புகிறது.

பதினாறு வீடுகளையும் வழிக்குக் கொண்டுவந்தது எது என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஏமாற்றமளிக்கலாம். அபராதம் போட்டுப் பார்த்தோம், சண்டைதான் வந்தது. அறிவிப்புப் பலகையில் வீட்டு எண்ணை எழுதிப் பார்த்தோம், ஒரு குடும்பம் பேச்சையே நிறுத்திவிட்டது. உண்மையில் பலித்தது, வீட்டு வேலைக்கு வரும் பெண்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை டிபனுக்கு அழைத்து உட்காரவைத்து, எது எந்த வாளிக்கு என்று கலந்து பேசியதுதான். எங்கள் கட்டடத்தில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் குப்பையைக் கொட்டுபவர்கள் அவர்களே; வீட்டுக்காரர்களுக்கு நாங்கள் நடத்திய மூன்று கூட்டங்களும் அதுவரை தவறான ஆட்களுக்கு நடந்துகொண்டிருந்தன. நான் குழம்பிய ஒரு கேள்விக்கு விடை சொன்னதும் அவர்களில் ஒருவர்தான்: முட்டை ஓடு பச்சையா நீலமா என்றால், பச்சை, ஆனால் கையால் நொறுக்கிப் போட வேண்டும்.

இதற்கிடையில் ஊரும் மாறியது. 2020-இல் "துப்புரவுப் பணியாளர்" என்ற பெயர் "தூய்மைப் பணியாளர்" என்று மாற்றப்பட்டது. பெயர் மாறிய அளவுக்குச் சம்பளமும் பணி உறுதியும் மாறவில்லை என்பதை 2025 ஆகஸ்டில் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன் இரவும் பகலும் அமர்ந்து போராடியவர்கள் எடுத்துரைத்தார்கள். பேட்டரி வண்டிகள் வந்தன, அவற்றில் பச்சைக்கும் நீலத்துக்கும் தனித்தனி அறைகளும் வந்தன. 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடிக் கிடங்கில் பற்றிய தீ பல நாள் எரிந்தபோது, அந்தப் புகையில் என் மந்தைவெளிக் குப்பையும் இருக்கிறது என்ற எண்ணத்தோடு சன்னலைச் சாத்தினேன். அதே ஆண்டில் பள்ளிக்கரணை, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அங்கே பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரித்து நிலத்தை மீட்கும் பயோமைனிங் வேலை நடந்துவருகிறது. வீட்டில் ஒரு நிமிடத்தில் பிரித்திருக்கக்கூடியதைக் கோடிக்கணக்கான ரூபாய் செலவில் இயந்திரம் பிரிக்கிறது. பழைய சோபா, மெத்தை போன்றவற்றைச் சொல்லிவைத்தால் சனிக்கிழமைகளில் வந்து எடுத்துப்போகும் ஏற்பாட்டையும் மாநகராட்சி 2025-இல் தொடங்கியிருக்கிறது. போகிக்கு முன்பே இதைப் பயன்படுத்திக்கொண்டால், தெருவில் எரியும் பொருள்கள் சில குறையும்.

சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். கொல்லையில் மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் கார் நிற்கிறது. எருக்குழியைத் தூர்த்துச் சிமெண்ட் தளம் போட்டிருக்கிறார்கள். காலையில் பச்சை நிற மூன்று சக்கர வண்டியில் தூய்மைக் காவலர் வந்து வாசலில் குரல் கொடுத்தார். அத்தை மகன் பால் கவரும் வாழையிலையும் கரும்புச் சக்கையும் கலந்த வாளியை அப்படியே நீட்டினான். வண்டி வராத நாளில் என்ன செய்வீர்கள் என்றேன். வாய்க்கால் கரையைக் கையால் காட்டினான். வீட்டுக்குப் பின்னால், முருங்கை மரத்தடியில், சிமெண்ட் படாத இடம் பத்தடிக்குப் பத்தடி இருந்தது. "இதுல ஒரு குழி எடுத்தா இலையும் சக்கையும் வண்டிக்கே போக வேணாமே" என்றதற்கு, "எவ்ளோ ஆழம் அத்தாச்சி?" என்று கேட்டான். மூன்றடி போதும் என்றேன். மண்வெட்டியைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிவர வேண்டியிருந்தது.